வராத நிலாவும் கண்ணாடி போட்ட வாத்தும்

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபயாம்பாளைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தால், அது போன வாரம்தான் வந்து இறங்கிய குடும்பமாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு சமையல் கொண்டுவருகிற பாட்லக் விருந்தில் எல்லோரும் பேப்பர் தட்டை வளையாமல் பிடிக்கப் போராடிக்கொண்டிருக்கும்போது, ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் நின்று வாசல் மேப்பிள் மரத்தை முறைத்துக்கொண்டிருப்பாள். பட்டுப் புடவை, வைரத் தோடு, கழுத்தில் பைனாகுலர். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. நம்மவர்கள் எதற்கும் ஆறு மாதம் சிரிப்பார்கள், அதற்கு மேல் சிரிக்க அவர்களுக்கும் நேரம் கிடையாது.

மாயவரத்தில் பிறந்தவள். வேலை ஒரு மருந்துக் கம்பெனியில். புது மருந்தைச் சாப்பிட்ட நோயாளிக்குத் தலைவலி வந்தது என்று கம்ப்யூட்டரில் இருந்தால், அதை டாக்டர் கைப்பட எழுதிய காகிதம் எங்கே என்று கேட்பதுதான் வேலை. காகிதம் இல்லையென்றால் அந்த ஆளுக்குத் தலைவலியே வரவில்லை. அவர் வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாலும் அபயாம்பாளுக்குக் கவலையில்லை. ஆபீசில் அவளை நேரில் 'ஆபி' என்று கூப்பிட்டார்கள். அவள் இல்லாதபோது கூப்பிட்ட பெயர் நமக்கு வேண்டாம்.

1990-இல் ஒரு மதியம் ஆபீசுக்குப் பின்னால் இருந்த குளத்தருகே, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பைனாகுலரில் பார்ப்பதும் சின்ன நோட்டில் எழுதுவதுமாக இருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பார்த்த பறவைகளின் பெயர் என்றார். பார்க்காததை எழுத மாட்டீர்களா என்று கேட்டாள். அவர் அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போலப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அபயாம்பாள் விழுந்தாள். உலகத்தில் தன் ஜாதி ஆட்கள் இத்தனை பேர் காட்டிலும் சேற்றிலும் திரிகிறார்கள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினாள்.

ஒருமுறை பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவராமகிருஷ்ணன், "நாமெல்லாம் கூட கடல் கடந்து வந்த பறவைகள்தானே!" என்று மேடையில் உருகினார். கீழே இறங்கியதும் அபயாம்பாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "சார், பறவை ஆறு மாசத்துல திரும்பிப் போயிடும். நாம எங்க போனோம்? ரெண்டு வீடு வாங்கியாச்சு." அதற்குப் பிறகு அவர் மேடையில் பறவை பக்கமே போகவில்லை.

அவள் கணவர் சுவாமிநாதன் தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. "அதோ, இடது பக்கக் கிளை, ரெண்டாவது கொத்துக்குப் பின்னாடி, தெரியறதா?" என்று அபயாம்பாள் கிசுகிசுத்தால், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, "ஆமா ஆமா, பார்த்துட்டேன், அழகா இருக்கு" என்பார். பல சமயம் மூடியே கழற்றியிருக்க மாட்டார். இப்படி ஆமா போட்டே அவருடைய நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பறவைகள் சேர்ந்துவிட்டன. அவளுடைய நோட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இருபத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் தீராத சண்டை என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பதிமூன்று பறவைகள்தான்.

நானூறாவது எது என்று ஆறு வருடத்துக்கு முன்பே அவள் முடிவு பண்ணியிருந்தாள். ஐடர் என்று ஒரு கடல் வாத்து. அதில் ஒரு வகைக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், வட்டத்துக்குக் கறுப்புக் கரை. பாங்க் மேனேஜர் கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்துகிற மாதிரி இருக்கும். சுவாமிநாதன் அதற்குக் 'கண்ணாடி வாத்து' என்றே பெயர் வைத்துவிட்டார். அதன் படம் ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரிக்கப்பட்டு, அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பிள்ளையார் காந்தத்தின் கீழ் ஆறு வருடமாகத் தொங்கியது. காந்தம் பெரிசு, படம் சிறிசு. வாத்தின் அலகு முழுவதும் பிள்ளையாரின் தொப்பைக்கு அடியில் போய்விட்டது. அந்த வாத்து நியூ ஜெர்சிக்கு வராது. அலாஸ்காவின் வட நுனியில் பாரோ என்ற ஊருக்குப் போக வேண்டும், அதுவும் ஜூன் முதல் வாரம், பனி உருகிக் குட்டைகள் திறக்கும்போது. பள்ளிக்கூடத்தில் தூந்திரப் பிரதேசம் என்று படித்துப் பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கினோமே, அந்த இடம்தான். 2001 ஜூனுக்கு ஒரு பறவைச் சுற்றுலாவில் ஒரு வருடம் முன்பே இருவருக்கும் இடம் பிடித்தாள்.

இதற்கு நடுவில் சுவாமிநாதனுக்கு வேலை போயிற்று. இன்டர்நெட்டில் சோபா விற்ற கம்பெனி. 2000 ஜூலையில் ஒரு நாள் மதியம் எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு காபி மக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அபயாம்பாள் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள்: பதினோரு சங்கடஹர சதுர்த்தி விரதம். பௌர்ணமிக்கு நாலாம் நாள், காலையிலிருந்து காபியைத் தவிர ஒன்றும் கிடையாது, ராத்திரி நிலாவைப் பார்த்துக் கொழுக்கட்டை நைவேத்தியம் பண்ணிவிட்டுத்தான் சாப்பாடு. ஆகஸ்டில் ஆரம்பித்தாள். ஜனவரியில் நூற்றிரண்டு டிகிரி ஜுரம், அன்றும் விடவில்லை. சுவாமிநாதன்தான் பின்பக்கத்து மரத்தளமான டெக்கில் போய் நின்று, "நிலா வந்தாச்சு, நான் பார்த்துட்டேன், நீ எழுந்து வர வேண்டாம்" என்று சொல்லி, படுக்கையிலேயே இரண்டு இட்லி ஊட்டினார். பிப்ரவரியில் வேலை கிடைத்தது. மே மாதம் அந்தக் கம்பெனியிலும் ஆள் குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. ஜூன் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை வேலை போகிறவர்களின் லிஸ்ட் வருகிறது என்றார்கள்.

பதினோராவது சதுர்த்தி ஜூன் ஒன்பது, சனிக்கிழமை. அன்று அவர்கள் பாரோவில். வேலை நிலைப்பதும் போவதும் அந்தச் சனிக்கிழமையில் தொங்குகிறது என்பதில் அபயாம்பாளுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் அரிசி மாவு, வெல்லம், துருவி உறைய வைத்த தேங்காய், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தாள். மகள் ஸ்ம்ருதியைப் பக்கத்துத் தெரு வசந்தாமணி வீட்டில் விட்டார்கள். அங்கே ஜூனில் சூரியன் மறையாது என்று சுற்றுலாத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நிலாவைப் பற்றி ஒன்றும் போடவில்லை. பறவை பார்க்க வருகிற அமெரிக்கன் எவனும் நிலாவைக் கேட்டிருக்க மாட்டான்.

பாரோவில் இறங்கியதும் சுவாமிநாதன் முதல் காரியமாக மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். எட்டு பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இந்தப் பக்கம் மரம், மேடு எதுவும் இல்லாத தட்டை நிலம். போன வருடத்துப் புல் பழுப்பாக, பாதி உருகிய குட்டைகள் நூற்றுக்கணக்கில். வெறும் நிலமா என்றால் இல்லை. நிமிடத்துக்கு ஒரு கூட்டம் தெற்கிலிருந்து வந்து இறங்கியது. ஒரு உள்ளான் பறவை நெஞ்சைப் பந்து மாதிரி ஊதிக்கொண்டு, காலிக் குடத்தில் வாய் வைத்து ஊதுகிற குரலில் முனகிக்கொண்டே பறந்தது. சிவப்பு வயிற்றுச் சின்னப் பறவை ஒன்று குட்டைத் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றியது. கல் புரட்டி என்கிற பறவையைப் பார்த்ததும் அபயாம்பாள் கத்தியேவிட்டாள். வருடா வருடம் மே மாதம் டெலவேர் வளைகுடாக் கரையில், நண்டு முட்டையை அரக்கப் பரக்கத் தின்றுவிட்டு வடக்கே கிளம்பிப் போகும் பறவை அது.

"அங்க பந்தியில உட்கார்ந்து சாப்ட்டுட்டுப் போனதெல்லாம் இங்கதான் வந்திருக்கு, பாருங்க!" என்றாள்.

"ஆமா ஆமா, பார்த்துட்டேன்" என்றார் சுவாமிநாதன், எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டல் ஹாலில் லிஸ்ட் படிப்பார்கள். வழிகாட்டி வால்டர், ஓய்வு பெற்ற தபால்காரர், அச்சடித்த பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் மாதிரி. சுவாமிநாதன் எல்லாவற்றுக்கும் 'யெஸ்'. வெள்ளிக்கிழமையன்று வால்டருக்குக் கண் தடுமாறி வேறு பக்கத்திலிருந்து 'ஃபிளமிங்கோ' என்று வாசித்துவிட்டார். அதற்கும் ஒரு கை உயர்ந்தது. அபயாம்பாள் அந்தக் கையைக் கீழே இழுத்துவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் ரூமுக்குப் போய்விட்டாள். பார்த்ததெல்லாம் அவள் நோட்டில் ஏற்கெனவே இருந்தவை, கண்ணாடி வாத்து மட்டும் அதுவரை வரவில்லை. இந்த வருடம் பனி உருகத் தாமதம் என்றார் வால்டர்.

சனிக்கிழமை மதியம் ரைஸ் குக்கரில் இருபத்தொரு கொழுக்கட்டை வெந்தது. எவர்சில்வர் டப்பாவில் வைத்து வேனிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், நிலா எந்த இடத்தில் வந்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்று. மாலை ஆறு மணியிலிருந்து வாத்தை விட்டுவிட்டு நிலாவைத் தேடினாள். ஊருக்கு வெளியே மண் ரோட்டில் நின்று, பைனாகுலரைத் தொடுவானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல நகர்த்தினாள். பிறகு திரும்பவும் அப்படியே. அபயாம்பாள் இவ்வளவு நேரம் ஒன்றைப் பார்த்தால் அது ஏதோ அபூர்வப் பறவையாகத்தான் இருக்கும் என்று மற்ற ஆறு பேரும் அவரவர் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். கால் மணி நேரம் யாரும் மூச்சு விடவில்லை.

கடைசியில் வால்டர் மெதுவாக, என்ன கிடைத்தது என்று கேட்டார்.

"நிலா. இன்னும் கிடைக்கலை" என்றாள் ஆங்கிலத்தில்.

விஷயம் தெரிந்ததும் வால்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். விளக்க ஆரம்பித்தார். இது சூரியன் என்று ஒரு டார்ச் லைட்டை வைத்தார். இது பூமி என்று ஒரு ஆரஞ்சை எடுத்தார். நிலாவுக்கு என்ன பண்ணலாம் என்று சுற்றிப் பார்த்து, எவர்சில்வர் டப்பாவில் கை வைத்தார்.

"அதைத் தொடாதீங்க! இன்னும் நைவேத்தியம் ஆகலை" என்று அபயாம்பாள் போட்ட தமிழ்ச் சத்தம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. நிலாவுக்குப் பதில் ஒரு கையுறையைச் சுருட்டிக்கொண்டார். கோடையில் இந்த உச்சியில் சூரியன் எப்போதும் மேலே. பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரில் இருப்பது. அதனால் பௌர்ணமிக்குப் பிறகும் சில நாள் அது பூமியின் வளைவுக்குக் கீழேயே சுற்றிவிட்டுப் போய்விடும். இங்கே இனி அது எழும்புவது செவ்வாய்க்கிழமை விடிகாலையில்தான். அவர்களுக்கோ ஞாயிறு சாயங்காலம் விமானம்.

அபயாம்பாள் ஆரஞ்சைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள். விளக்கம் சரியாக இருந்தது. அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருட அனுபவத்தில் எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை, இந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே.

ஓட்டலுக்குத் திரும்பியதும் சுவாமிநாதன் காலிங் கார்டை எடுத்து வசந்தாமணிக்குப் போன் போட்டார். அங்கே நடுநிசி.

"என்னங்ணா இந்நேரத்துல? ஸ்ம்ருதி தூங்கிட்டாளுங்க. அக்கா நல்லாயிருக்காங்களா?"

"நல்லா இருக்காம்மா. ஒரு ஹெல்ப். கார்ட்லெஸ் போனோட வெளிய போய் நிலா இருக்கான்னு பாரேன்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம். "இருக்குதுங்ணா. மரத்துக்கு மேல நல்லாத் தெரியுது. ஏனுங்ணா, அங்க இல்லீங்களா?"

சுவாமிநாதன் வெற்றியோடு போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அவ பார்த்தா அவ சாப்பிடலாம்."

"ஜனவரியில நான்தானே பார்த்துச் சொன்னேன்? அப்ப ஒத்துக்கிட்டே. இப்ப வசந்தா சொன்னா ஏன் ஆகாது?"

இதற்கு அபயாம்பாள் பதில் சொல்லவில்லை. எதற்கும் பதில் வைத்திருப்பவள் ஒரு கேள்விக்குச் சும்மா இருக்கிறாள் என்றால் சுவாமிநாதன் யோசித்திருக்க வேண்டும். அவர் அப்போது வேறு வழி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் உட்கார்ந்திருந்த வால்டரும் பாவம், தன்னால் ஆன உதவியைச் செய்தார். பறவைக் கணக்கில் கண்ணால் பார்க்காவிட்டாலும் குரலைக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, அந்த மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்றார். நிலா கத்தாது என்று அபயாம்பாள் அவருக்கு நினைவுபடுத்தினாள்.

ஞாயிறு காலை நியூ ஜெர்சியில் கோயில் திறக்கும் நேரம் பார்த்துக் குருக்களுக்குப் போன். "சந்திரனை மனசுல தியானம் பண்ணிண்டு சாப்பிடச் சொல்லுங்கோ, பிள்ளையார் கோச்சுக்க மாட்டார்" என்றார் அவர்.

"நல்ல மனுஷர்" என்றாள் அபயாம்பாள் கட்டிலில் படுத்தபடி. "எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்தார்னா ஒரே நாள்ல அனுப்பியிருப்பேன்."

"திதியே போயாச்சு அபயம். இனிமே நீ சாப்ட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடலைன்னாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. முடியாமப் போறது வேற, நானே முறிக்கறது வேற. நிலாவைப் பார்க்கற வரைக்கும் சாப்பிட மாட்டேன். நாளைக்கு லிஸ்ட் வரப்போ, நான்தான் கெடுத்தேன்னு இருக்கக் கூடாது."

சுவாமிநாதன் கையில் ஓட்டல் ரொட்டி ஒன்று இருந்தது. நேற்றிலிருந்து அவர் விரதமெல்லாம் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இந்த ரொட்டி மட்டும் உள்ளே போகவில்லை. தட்டில் வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குக் கடைசிச் சுற்று கிளம்பியது. அபயாம்பாள் எழுந்து நின்றாள், கண் இருட்டிக்கொண்டு வந்தது, உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. வாத்து வந்தா நீங்களாவது பாருங்க. நிஜமாவே பாருங்க."

சுவாமிநாதன் போனார். மண் ரோட்டோரத்தில் மற்றவர்கள் வெள்ளை ஆந்தை ஒன்றைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவர் தனியாக ஒரு குட்டையைப் பார்த்து நின்றார். பைனாகுலரின் மூடியைக் கழற்றினார். அவள் எப்படிச் செய்வாளோ அப்படியே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக நகர்த்தினார். ஒன்றுமில்லை. திரும்பவும். கை விறைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. முக்கால் மணி நேரம் ஒரே குட்டையைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பன்னிரண்டாவது வருடத்தில் அவருக்குத் தெரிந்தது. அப்போது தெற்கிலிருந்து தாழப் பறந்து மூன்று வாத்துகள் வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. இறங்கி, சிறகை ஒரு உதறு உதறி, அதில் ஒன்று திரும்பிப் பார்த்தது. பாங்க் மேனேஜர்.

சுவாமிநாதன் ஓடிப்போய் வால்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். வால்டர் பார்த்தார், வேன் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். "போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. நான் இதுகளைப் பிடித்து வைக்கிறேன்."

நியூ ஜெர்சியில் முப்பது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டாத மனிதர் அந்தக் குண்டு குழி ரோட்டில் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். ரூம் கதவைத் திறந்துகொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"வந்தாச்சு. கண்ணாடி வாத்து. நான் பார்த்தேன்."

அபயாம்பாள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக 'ஆமா ஆமா' கேட்ட காது. "எத்தனை?"

"மூணு. ரெண்டு ஆண், ஒரு பெண்."

"எந்தப் பக்கத்துலேந்து வந்தது?"

"தெற்கே. தாழப் பறந்து. ஒரு ஆண் தலையைப் பின்னாடி ஆட்டி ஆட்டி அந்தப் பெண்ணுக்குக் காட்டறது. ஏன் அபயம், அது மூக்கு மேல பாதி வரைக்கும் ரோமம் மூடியிருக்கே, அது ஏன்? குளிருக்கா?"

அபயாம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். அலகில் பாதி வரை ரோமம் உண்டு. அது புத்தகத்தில் இருக்கிறது, அவர் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஃப்ரிட்ஜ் படத்தில் பிள்ளையார் தொப்பை மறைத்துவிட்டது. பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. காகிதம் கையில் வந்துவிட்டது. அவள் பூட்ஸைத் தேடினாள்.

சுவாமிநாதன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்த பிறகும் வாதாடுகிற ஆட்கள் உண்டு. "சத்தியமாப் பார்த்தேன் அபயம், ஜனவரி மாதிரி இல்ல" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அபயாம்பாள் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி பூரா ஸ்னோ. ஜன்னல் வழியா எனக்கே தெரிஞ்சது. எங்கேந்து நிலா வரும்? நான் ஜனவரியைக் கணக்குல சேர்க்கவே இல்ல. இது பதினொண்ணு இல்ல, பத்து. இப்ப அதுவும் போச்சு. மறுபடி ஜூலை, ஆகஸ்ட் இருக்கணும்."

"தெரிஞ்சேவா சாப்ட்டே?"

"நீங்க தட்டைப் பிடிச்சுண்டு நிக்கறேள், பொய் சொல்லத் தெரியாம காதெல்லாம் சிவந்துபோய். தலையில வேற ஸ்னோ கொட்டியிருக்கு. அதைப் பார்த்துட்டு எப்படி வேண்டாம்னு சொல்றது?" மற்றக் காலிலும் கயிற்றைக் கட்டி முடித்தாள். "வாங்க, அது பறந்துடும்."

சுவாமிநாதன் வேனைக் கிளப்பினார். ஐந்து மாதமாக அவர் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைத் தெரிந்துகொண்டே, தன் கணக்கில் ஒன்றைக் குறைத்துவிட்டு, சும்மா இருந்திருக்கிறாள். அழுகை வரும் போலிருந்தது. மங்கி கேப்பை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாத்து அங்கேயே இருந்தது. வால்டர் பிடித்து வைத்திருந்தாரோ, பிள்ளையார் பிடித்து வைத்திருந்தாரோ. அபயாம்பாள் டெலஸ்கோப்பில் குனிந்தவள் பத்து நிமிடம் நிமிரவில்லை. பசி, தலைசுற்றல் எதுவும் அப்போது அவளிடம் இல்லை. நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது, குளிர்காற்று என்று சொன்னாள். நோட்டை எடுத்து நானூறு என்று எழுதினாள். பக்கத்தில், முதலில் பார்த்தவர் யார் என்ற இடத்தில், சுவாமிநாதன் என்று எழுதினாள். பன்னிரண்டு வருட நோட்டில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து வால்டர் கடைசி லிஸ்டைப் படித்தார், பயணம் முழுவதற்குமாக. ராஜா ஐடர். சுவாமிநாதன் "நோ" என்றார். வெள்ளை ஆந்தை. "நோ." கல் புரட்டி. "நோ." வால்டர் பட்டியலைத் தாழ்த்திவிட்டு, நேற்று யெஸ் சொன்னீர்களே என்றார். "நேத்து வேற" என்றார் சுவாமிநாதன். ஐம்பத்துமூன்று பறவைக்கும் நோ. ஐம்பத்துநாலாவதாகக் கண்ணாடி வாத்து வந்தது. அவர் எழுந்து நின்றே 'யெஸ்' சொன்னார். எதற்கென்று முழுக்கப் புரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள். அபயாம்பாள் மட்டும் தட்டவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு ஆங்கரேஜிலிருந்து சியாட்டில் போகிற விமானத்தில், வலது பக்க ஜன்னலில் தேய்ந்த நிலா எழும்பியது. ஜன்னல் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் மடிமேல் சாய்ந்து நிலாவைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அபயாம்பாள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். வெந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. கொழுக்கட்டை சுத்தியலால் உடைக்க வேண்டிய பதத்தில் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத சுவாமிநாதனும் ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். "இது கணக்குல வராது" என்றாள் அவள், மென்றுகொண்டே.

"தெரியும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை லிஸ்டில் முப்பத்தொரு பெயர் இருந்தது. சுவாமிநாதன் பெயர் இல்லை. பிள்ளையாருக்குக் கணக்கு வேறு மாதிரி போலும்.

ஜூலை சதுர்த்தியன்று ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் காலையிலிருந்தே மழை மூட்டம். அபயாம்பாள் சமையலறையில் கொழுக்கட்டையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குச் சுவாமிநாதன் டெக்குக்குப் போனார். வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தார். தலை நனைந்திருந்தது. காது சிவக்கவில்லை.

"மேகம். ஒண்ணும் தெரியலை அபயம். காத்திண்டுதான் இருக்கணும்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "சரி, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள்.